தம்பிராசா அண்ணையைக் கொன்ற எட்டாவது விசை

ஒரு பெயரை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் பிழையில்லாமல் போடுவதில் இந்தக் குடாநாட்டில் என்னை வெல்ல ஆளில்லை. இருபத்தாறு வருடம் அச்சுவேலியில் ஓர் அச்சகத்தில் கணினிக்கு முன்னால் இருந்தேன். ஒரு தடவைகூடப் பிழை விட்டதில்லை.

மேலே உள்ளதில் இருபத்தாறு வருடம் மட்டும் உண்மை. மற்றதெல்லாம் பொய். நான் விட்ட பிழைகளை அடுக்கினால் இந்தக் கட்டுரைக்கு இன்னொரு அச்சகம் வேண்டும். இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் பிள்ளைகள் நீங்கள், "அண்ணை, அனுபவம் ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். அனுபவம் என்றால் என்னவென்று என்னிடம் யாரும் முன்பு கேட்டிருந்தால், அது சம்பளம் கூடக் கேட்கிறவர்கள் சொல்லும் சொல் என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு கதை இருக்கிறது. அதில் நான் ஒருவரைக் கொன்றேன். அதே நிமிடத்தில் வேறொருவரை உயிர்ப்பித்தேன். அதையாவது சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஆளைக் கொல்லாமல் இருக்கலாம்.

முதலில் என் படிப்பைப் பற்றி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்தோம். இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. அச்சகத்தில் மை துடைக்கப் போனவனை முதலாளிதான் பிடித்துக் கணினிக்கு முன்னால் இருத்தினார். "உனக்கு யோசிக்கிற பழக்கம் இல்லை. உதுக்கு அதுதான் வேணும்" என்று சொல்லித்தான் வேலை தந்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டில்போய்ச் சொன்னேன்.

எங்கள் கடையில் கலியாண அழைப்பிதழும் கோயில் நோட்டீசும் வந்தாலும், அடுப்பெரித்தது மரண அறிவித்தல்தான். மரண அறிவித்தலில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். செத்தவரின் பெயரைப் போடுவது சுலபம், அவர் வந்து சண்டை பிடிக்கப்போவதில்லை. சண்டைக்கு வருவது மிச்சப் பேர்தான். யாரின் அன்பு மகன், யாரின் அன்புக் கணவர், யாருக்கு மாமனார், யாருக்கு மைத்துனர் என்று முப்பது பெயர் இருக்கும். அந்த முப்பதில் சிலர் ஏற்கனவே போய்விட்டவர்கள். அவர்களுக்கு முன்னால் மறக்காமல் "காலஞ்சென்ற" என்று போட வேண்டும். போடாவிட்டால் ஒரு கூட்டம் வரும். ஆள் மாறிப் போட்டால் அதைவிடப் பெரிய கூட்டம் வரும்.

இந்த வேலையைச் சுகமாக்க நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்கிரிப்ட் என்றால் நாம் கையால் செய்கிற வேலையைக் கணினி தானாகச் செய்யும்படி எழுதிக் கொடுக்கிற நாலைந்து வரி. எழுதினேன் என்பதும் பொய். யாரோ புண்ணியவான் இணையத்தில் போட்டு வைத்ததைப் பிரதி எடுத்தேன். பிரதி எடுக்கிற ஸ்கிரிப்டையே பிரதி எடுத்துத்தான் செய்தேன் என்றால் என் திறமையைப் புரிந்துகொள்வீர்கள்.

நாங்கள் எல்லாவற்றையும் முதலில் வெறும் எழுத்து மட்டும் அடிக்கிற எடிற்றர் ஒன்றில் அடிப்போம். மேலே, வீட்டுக்காரர் தந்த பெயர்ப் பட்டியல். கீழே, அறிவித்தல். பட்டியலில் ஒரு பெயரை மவுஸால் இழுத்துத் தெரிவு செய்து, மேல்வரிசையில் F8 என்று இருக்கிற எட்டாவது விசையைத் தட்டினால், ஸ்கிரிப்ட் அந்தப் பெயரைப் பிரதி எடுத்துக்கொண்டு கீழே போய், அது வருகிற இடமெல்லாம் தேடிப் பிடித்து, முன்னால் "காலஞ்சென்ற" என்று ஒட்டிவிட்டு வரும். ஒரு தட்டு, ஓர் ஆள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மவுஸால் இழுக்கவும் எனக்குப் பஞ்சி, சுத்தச் சோம்பல். ஆகவே இன்னொரு வரியைச் சேர்த்தேன். ஒன்றும் தெரிவு செய்யாமல் விசையைத் தட்டினால், ஸ்கிரிப்ட் கோபிக்காது, கேள்வி கேட்காது. கேசர், அதாவது அந்த மினுங்குகிற கோடு, எந்தச் சொல்லில் நிற்கிறதோ அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளும். என்ன வசதி என்று ஒரு கிழமை எல்லாருக்கும் காட்டித் திரிந்தேன்.

ஒருநாள் பின்னேரம் வசந்தி என்ற பிள்ளை வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவளுடைய தகப்பன் பொன்னுத்துரை அன்று காலையில் மோசம் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பிரேதம் எடுக்கிறார்கள், விடியும்போது நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும்.

"அம்மா தானே எழுதித் தந்தவ, அண்ணை" என்று ஒரு கொப்பித் தாளை நீட்டினாள். "ஒரு விசயம் கட்டாயமாம். கடைசியிலை 'தகவல்' எண்டு வருகிற இடத்திலை பெரியப்பாவின்ரை பேர் வரவேணுமாம்."

"பெரியப்பா ஆர்?"

"அப்பாவின்ரை தமையன். தம்பிராசா. புத்தூரிலை இருக்கிறார். அப்பாவும் அவரும் பதினொரு வருசமாய்க் கதைக்கிறேல்லை."

"என்னத்துக்கு?"

"பங்குக் கிணறு. ஆருக்கு எந்த நாள் இறைப்பு முறை எண்டு பிரச்சினை. இப்ப அந்தத் தோட்டத்திலை வெங்காயமும் இல்லை, ஒண்டும் இல்லை. கோபம் மட்டும் கிடக்கு." மூக்கைத் துடைத்தாள். "செத்தவீடு சொல்லக் காலமை ஆள் போனது. படலையைத் திறக்கேல்லையாம். ஒருத்தரும் போய்ச் சொன்னால் கேக்க மாட்டார். நோட்டீஸிலை தன்ரை பேரைத் தகவல் குடுக்கிற ஆளாய்ப் பாத்தாலாவது வருவார் எண்டு அம்மா நினைக்கிறா. அவர் வராமல் அப்பாவை எடுக்கிறது அம்மாவுக்கு மனமில்லை."

புரிகிறதா பிள்ளைகளே. எங்கள் ஊரில் தகவல் என்ற வரியில் யாரின் பெயர் இருக்கிறதோ அவர்தான் அந்த வீட்டுக்குப் பெரியவர். அந்த விதவை தன் மச்சானைத் திருப்பிக் குடும்பத்துக்குள் கூப்பிடுகிறாள். கூப்பிட அவளிடம் இருந்தது அந்த ஒரு வரி. அந்த வரியை யாரிடம் கொடுத்தாள் பாருங்கள். என்னிடம்.

சகோதரர் வரிசை இதுதான்: தம்பிராசா, நடராசா, பரமேஸ்வரி. மூத்தவர் தம்பிராசா புத்தூரில் இருக்கிறார். நடராசா எப்போதோ போய்விட்டார். பரமேஸ்வரி கனடா. நான் நடராசா என்ற பெயரை அழகாகத் தெரிவு செய்தேன். எட்டாவது விசைக்கு விரலைக் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து மேசையில் கிடந்த என் போன் அடித்தது. வீட்டிலிருந்து, வரும்போது கத்தரிக்காய் வாங்கி வரட்டாம். போனை எடுக்கிற அவதியில் மவுஸில் கைபட்டுவிட்டது. தெரிவு போனது. மினுங்குகிற கோடு ஒரு வரி மேலே போய்த் தம்பிராசா என்ற பெயரின் நடுவில் நின்றது. நான் கத்தரிக்காயில் நின்றேன். "ஓம் ஓம், ஊதாக் கத்தரிக்காய்" என்று சொல்லிக்கொண்டே விசையைத் தட்டினேன்.

ஸ்கிரிப்ட் கோபிக்கவில்லை. கேள்வி கேட்கவில்லை. ஒரு நொடியில் தம்பிராசா காலமானார், நடராசா எழும்பி வந்தார்.

வாசித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். கையால் அடித்ததைத்தான் வாசிக்க வேண்டும், ஸ்கிரிப்ட் போட்டதை வாசிக்கத் தேவையில்லை என்பது அந்தக் காலத்தில் என் கொள்கை. முதலாளி அன்று பல்லுப் பிடுங்கப் போயிருந்தார். அந்தத் தாளின் கீழே தகவல் வரியைப் பெரிய எழுத்தில் போடவும் என்று எழுதியிருந்தது. போட்டேன். எழுத்தின் பருமனைத்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. இருநூறு பிரதி அடித்து ஒட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போனேன். வாங்கியது வெள்ளைக் கத்தரிக்காய், அது வேறு கதை.

மறுநாள் காலை கடை திறந்ததும் போன். புத்தூர்ப் பக்கத்து விவசாய சங்கத் தலைவர்.

"தம்பி, ஒரு கண்ணீர் அஞ்சலி பனர் வேணும். அவசரம்."

"எத்தினை அடி?"

"ஆறுக்கு நாலு. எங்கடை மூத்த உறுப்பினர் தம்பிராசா. போட்டோ இப்ப அனுப்பிறன்."

நான் பெயரை அடித்தேன், அனுதாபம் சொன்னேன், நூலா கம்பியா கட்டுவது என்றும் கேட்டேன். போட்டோ வந்தது. பெரிய கண்ணாடி போட்ட ஒரு மனிதர், ஒரு பூசணிக்காயைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு சிரிக்கிறார்.

"நல்ல திடகாத்திரமாய் இருக்கிறார்" என்றேன்.

"போன கிழமை எடுத்தது தம்பி. அதுதான் எங்களுக்கும் நம்பேலாமல் கிடக்கு."

"என்ன வருத்தத்திலை போனவராம்?"

"தெரியாது. உங்கடை நோட்டீஸைப் பாத்துத்தான் எங்களுக்கே தெரியும். ஆனால் ஒண்டு விளங்கேல்லை. காலஞ்சென்ற தம்பிராசாதான் தகவல் குடுத்ததாயும் போட்டிருக்கு."

போனை வைத்தேன். மிஞ்சின நோட்டீஸ் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். கடைசி வரியில், வீதிக்கு அந்தப் பக்கம் நின்று வாசிக்கக்கூடிய எழுத்தில்: தகவல் – காலஞ்சென்ற தம்பிராசா (சகோதரர்), புத்தூர்.

முதலாளி கன்னத்தில் பஞ்சு வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நோட்டீஸை வாங்கினார், வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தரம் வாசித்தார்.

"டேய் சிவம். உவர் செத்தும் தகவல் குடுத்திருக்கிறார். நீ உயிரோடை இருந்தும் ஒரு தகவலும் தரேல்லை."

"ஸ்கிரிப்டிலை ஒரு சின்னப் பிழை" என்றேன்.

"ஸ்கிரிப்டோ, நீயோ?"

"ரெண்டு பேரும்."

நான் யோசித்த முதல் யோசனையைக் கேளுங்கள். வேகமாகத் திருத்தி, புதிதாக இருநூறு அடித்து, பழையதுக்கு மேலே ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றேன். முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நோட்டீஸ் பிழைச்சதைப் பற்றிப் பிறகு கதைப்பம். இப்ப ரெண்டு மணிக்கு முதல் அந்த மனிசன் அந்த வீட்டிலை நிக்க வேணும். அதுதான் வேலை. கடதாசி எங்கை?"

எங்கள் கடையில் சுவரில் ஒரு நீட்டு ஆணி உண்டு. வீட்டுக்காரர் கைப்பட எழுதித் தந்த தாளை அதில் குத்தி வைக்க வேண்டும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை எடுக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். பழைய தாள் எல்லாம் என்ன வேலைக்கு என்று நான் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன். அவர் அந்தக் கொப்பித் தாளைக் கழற்றி மடித்து என் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

"போ. நீ சாக்காட்டின ஆளை நீயே உயிர்ப்பிச்சுப்போட்டு வா."

மோட்டார் சைக்கிளில், ஒரு வாளித் தண்ணீரும் தகட்டுத் துண்டுமாகப் போனேன். வழிநெடுக மின்கம்பத்திலெல்லாம் நிறுத்திச் சுரண்டினேன். எங்கள் நோட்டீஸ் ஒட்டுகிறவர் மாப்பசையில் என்ன மந்திரம் போடுகிறாரோ தெரியாது. ஏழு கம்பம் சுரண்டிய பிறகு ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மா, "தம்பி, செத்தவரோடை உங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டா. அதற்குப் பிறகு சுரண்டுவதை விட்டுவிட்டு நேரே புத்தூர்ச் சந்திக்குப் போனேன்.

சந்தியில் ஒரு கம்பத்துக்கு முன்னால், சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சாரமும் பெனியனுமாக ஒருவர் நின்றார். மூக்கு நோட்டீஸில் முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தார். பூசணிக்காய் கையில் இல்லாததால் அடையாளம் காண ஒரு நிமிடம் எடுத்தது.

நான் கிட்டப் போனதும் திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். என்ரை கண் சரியில்லையோ எண்டு பாக்கிறன்."

இப்போது என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். ஒரு மனிதனுக்கு அவனுடைய சாவை வாசித்துக் காட்ட வேண்டும். அடித்தவனும் நீங்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். "தம்பிராசா, நடராசா, பரமேஸ்வரி ஆகியோரின் அன்புச் சகோதரரும்..."

"நில்லும். தம்பிராசாவுக்கு முன்னாலை ஒரு சொல் கிடக்கு. அதை விட்டிட்டீர்."

"அது மை கொட்டினது, அண்ணை."

"மை கொட்டி 'காலஞ்சென்ற' எண்டு வருமோ?"

"சில மை அப்பிடித்தான்."

"அப்ப கீழை தகவலிலையும் அதே மையோ? அங்கை நல்ல பெருசாய்க் கொட்டியிருக்கு."

நான் அடுத்த பொய்யை எடுத்தேன். என்னிடம் எப்போதும் ஒன்றுக்கு இரண்டு இருக்கும். "அது வேறை தம்பிராசாவாய் இருக்கும்."

அவர் திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார். "எங்கடை அம்மா ரெண்டு தம்பிராசா பெத்ததாய் எனக்குச் சொல்லேல்லை."

அவருடைய சேட்டில்லாத தோள் ஆடிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் கொஞ்சம் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நேத்துக் காலமை ஆள் வந்தது. நான் படலை திறக்கேல்லை. ஓம், அது என்ரை பிழைதான். பிறகு மனம் கேளாமல் சந்திக்கு வந்தனான், எத்தினை மணிக்கு எடுக்கினம் எண்டு பாப்பமெண்டு. பாத்தால் என்னையும் சேத்து எடுத்துப் போட்டினம்." சைக்கிளை நிமிர்த்தினார். "பதினொரு வருசம் கதைக்கேல்லை எண்டதுக்கு என்னைச் சாக்காட்டுறதோ? சரி. செத்தவன் செத்தவீட்டுக்குப் போறேல்லைத்தானே."

சைக்கிளில் ஏறிவிட்டார். மணி பதினொன்று.

நான் பின்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே உண்மையைச் சொன்னேன். உண்மையைச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் அது நேராக வரவில்லை.

"அண்ணை, ஆரும் வேணுமெண்டு செய்யேல்லை. நான்தான் அடிச்சது. ஸ்கிரிப்ட், அண்ணை. தெரிவு இல்லாட்டிக் கேசர் நிக்கிற சொல்லை எடுக்கும்."

"ஆர் நிக்கிறது?"

"கேசர்."

"அவன் ஆற்றை பெடியன்?"

"ஆளில்லை அண்ணை. ஒரு கோடு. அது உங்களிலை நிண்டது. நடராசா அண்ணையிலை நிண்டிருக்க வேணும். வீட்டிலை இருந்து கத்தரிக்காய் எண்டு போன் வந்தது."

அவர் பிரேக் பிடித்தார். "என்ரை தம்பிக்குச் செத்தவீடு. நீர் என்னைச் சாக்காட்டிப் போட்டுக் கத்தரிக்காய்க் கதை சொல்லிக்கொண்டு வாறீர்."

இந்த இடத்தில் என்னிடம் இருந்த பொய்யும் உண்மையும் இரண்டும் தீர்ந்துபோயின. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது இரண்டு தரம்தான். மற்றது பெண் பார்க்கப் போன அன்று. வேறு வழியில்லாமல் சேட்டுப் பையிலிருந்த கொப்பித் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். கையெழுத்தைப் பார்த்ததும் யாருடையது என்று கேட்கவில்லை. உருண்டை உருண்டையான, கோட்டை விட்டு இறங்காத எழுத்து. கடைசியில் முதலில் "தகவல் – மனைவி" என்று எழுதி, அதை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் "பெரியத்தான் தம்பிராசா" என்று எழுதியிருந்தா. பெரியத்தான் என்று தான் கூப்பிடுவது அச்சுக்குச் சரிவராது என்று யோசித்திருக்க வேண்டும், அதையும் வெட்டி "சகோதரர்" என்று மாற்றியிருந்தா. அதற்குக் கீழே, அச்சகத்துக்கு என்று ஒரு குறிப்பு. நான் முதல்நாள் அதில் பாதியைத்தான் வாசித்தேன். மிச்சத்தை அவர் வாசிக்கும்போதுதான் கேட்டேன். சத்தமாகத்தான் வாசித்தார்.

"இந்த வரியைப் பெரிய எழுத்தில் போடவும். அவருக்குக் கண் குறைவு. அவர் வாசிக்க வேண்டும்."

சந்தியில் ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர் தாளை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"எனக்குக் கண் குறைஞ்சது போன வருசம்தானே" என்றார். "அவளுக்கு ஆர் சொன்னது?"

எனக்குத் தெரியாது. கேசர் என்று சொல்ல வாய் வந்தது, நல்ல காலம் அடக்கிக்கொண்டேன்.

"மோட்டச் சைக்கிளிலை இடமிருக்கோ?"

"இருக்கு அண்ணை."

"நில்லும். வேட்டி கட்டிக்கொண்டு வாறன். சாரத்தோடை போனால் செத்தவன் எண்டும் பாராமல் ஏசுவினம்."

அவர் வீட்டுப் படலையில் காத்துக்கொண்டு நிற்கும்போது சங்கத் தலைவர் திரும்பவும் எடுத்தார். பனர் அடித்தாயிற்றா என்று. நான் விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப அவர் சாகேல்லையோ?"

"இல்லை. வேட்டி கட்டிறார்."

"நாங்கள் கூட்டம் போட்டு இரங்கல் தீர்மானம் எடுத்திட்டமே தம்பி. புத்தகத்திலையும் எழுதியாச்சு." மனுசனுக்கு நிசமான கவலை. "இனி அதை எப்பிடி வெட்டுறது?"

செத்தவீட்டுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. பந்தலுக்குள் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். மரியாதைக்கு அல்ல. முன்னால் இருந்த ஒருவர் பக்கத்து ஆளின் தொடையைப் பிடித்தார்.

"உவர் மோசம் போயிட்டார் எண்டல்லோ போட்டுக் கிடந்தது."

தம்பிராசா அண்ணை செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ஓம். போனனான். அங்கை இடமில்லையெண்டு திருப்பி விட்டிட்டினம்."

உள்ளே பெட்டிக்குத் தலைமாட்டில் பொன்னுத்துரையின் மனைவி இருந்தா. நோட்டீஸ் விசயம் காலையிலேயே அவவின் காதுக்கு வந்துவிட்டது. இனி அவர் வரவே மாட்டார் என்று அழுதிருக்கிறா என்பதை அந்தக் கண்களைப் பார்த்தால் தெரியும். வாசலில் நிழல் விழ நிமிர்ந்து பார்த்து, "பெரியத்தான்" என்றா.

அவர் என்ன சொல்வாரோ என்று நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். தூண் ஒல்லி, நான் அப்படியில்லை.

"பிள்ளை" என்றார். "எழுத்துப் பெருசாய்த்தான் கிடந்தது. வாசிச்சனான்."

அதோடு அந்த வீட்டில் இருந்த பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினார்கள். அவர் அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய், தம்பியின் காலைத் தொட்டு ஒருக்கா அசைத்தார், தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி. பதினொரு வருடத்துக்குப் பிறகு அவனோடு கதைத்த முதல் கதை இதுதான்.

"எழும்படா. இண்டைக்கு உன்ரை முறை. போய் இறை."

நான் அழுத அழுகையைப் பார்த்து யாரோ நெருங்கின சொந்தம் என்று நினைத்து, ஒருவர் என்னைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது வசந்தி வந்து முன்னால் நின்றாள்.

"நீங்கள்தானே அண்ணை அடிச்சது?"

"ஓம் தங்கச்சி."

"பெரியப்பா வந்திட்டார், தப்பினியள். வந்திருக்காட்டி இந்தப் பந்தலிலை இன்னொரு பெட்டிக்கும் இடம் இருந்தது." சொல்லிவிட்டு, ஒரு மலிபன் பிஸ்கட்டையும் தந்துவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்குப் பிரேதம் எடுத்தார்கள். தமையன் முன்னால் நடந்தார்.

கடைக்குத் திரும்பி வந்து அந்தச் சோம்பேறி வரியை அழித்தேன். இப்போது ஒன்றும் தெரிவு செய்யாமல் விசையைத் தட்டினால் ஸ்கிரிப்ட் ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா நிற்கும். நீங்கள் இன்றைக்கும் பாவிப்பது அதைத்தான், ஆகவே அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று அதை நிற்பாட்டாதீர்கள். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "தெரியாட்டி ஒண்டும் செய்யாமல் நிக்க வேணும். இதைப் படிக்க உனக்கு ஒரு ஆளைக் கொல்ல வேண்டி வந்தது. பள்ளிக்கூடத்திலை சும்மாதானே நிண்டனீ, அந்தப் பழக்கத்தை ஏன் விட்டனீ" என்றார். வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவருக்குக் காரணம் ஞாபகம் வந்துவிடக் கூடாதே.

ஆணியைக் கழற்றிவிட்டு அதில் குளிரூட்டியின் ரிமோட்டை மாட்டப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதையும் செய்யாதீர்கள். திரையில் இருப்பது நாம் பிரதி எடுத்தது. ஆணியில் இருப்பது அந்த மனிசர் கேட்டது. இரண்டும் ஒன்று என்று நினைத்த அன்றைக்குத்தான் நான் ஆளைக் கொன்றேன்.

அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை தம்பிராசா அண்ணை கடைக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"தம்பி, என்ரை நோட்டீஸை இப்பவே அடிச்சு வையும். புரூவ் நான் பாக்க வேணும். உம்மை நம்பிச் சாகேலாது."

அடித்தேன். முன்னால் இருந்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். பொன்னுத்துரையின் பெயரை நானே தெரிவு செய்து, இரண்டு தரம் பார்த்து, எட்டாவது விசையைத் தட்டும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தகவல் வரிக்கு வந்தபோது அவருடைய மகன்களில் யாரைப் போடுவது என்று கேட்டேன். தாளைத் தள்ளினார். அங்கே தம்பியின் மனைவியின் பெயர் இருந்தது, பக்கத்தில் "சகோதரி" என்று.

"மைத்துனி எண்டல்லோ வரவேணும் அண்ணை?"

"நான் எழுதித் தந்ததை அடியும். நீர் திருத்தினால் என்ன நடக்கும் எண்டு ஊருக்கே தெரியும்."

அன்றிலிருந்து, நான் ஓய்வெடுத்த பிறகும், அவர் என்னை விடவில்லை. கோப்பு என்னிடம்தான் இருக்க வேண்டுமாம், கடைப் பிள்ளைகளில் நம்பிக்கை இல்லையாம். என்னில் நம்பிக்கை வைத்த ஒரே மனிதர், நான் கொன்ற மனிதர். ஒரு பேரப்பிள்ளை பிறந்தால் வருவார், ஒரு மருமகன் வந்தால் வருவார், போன மாதம் ஒருவரோடு கோபித்துக்கொண்டு அவரைப் பட்டியலிலிருந்து தூக்கச் சொல்லி வந்தார். நான் தூக்கவில்லை. தூக்கிவிட்டேன் என்று சொன்னேன், ஏனென்றால் அவருடைய கோபம் எத்தனை வருடம் போகும் என்று எனக்குத் தெரியும். அதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா, அடுத்த நாளே கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்து, திரைக்கு முன்னால் இருந்து, அந்தப் பெயர்...

நில்லுங்கள், மனைவி கூப்பிடுகிறா. "இஞ்சேருங்கோ, படலையிலை புத்தூர் அண்ணை நிக்கிறார். கையிலை கடதாசி. கனடாவிலை ஆருக்கோ ரெட்டைப் பிள்ளையாம், ரெண்டு பேரையும் இண்டைக்கே நோட்டீஸிலை ஏத்தட்டாம். கெதியாய் வாங்கோ, மனிசன் வெயிலிலை நிக்குது."

"வாறன் எண்டு சொல்லு."